பதினான்காம் நம்பர் ஸ்பனரும் பனிச்சங்கேணித் தண்ணீரும்

"வடக்குப் பக்கம் போகும் லொறிகளில் மாரிகாலம் முழுவதும் பதினான்காம் நம்பர் ஸ்பனர் ஒன்று சாரதியின் இருக்கைக்குக் கீழே கட்டப்பட்டிருக்க வேண்டும். வேறெந்த ஆயுதத்தாலும் பெல்ட்டைத் தொடக் கூடாது."

எங்கள் பழைய கராஜின் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் கடைசி இரண்டு வரிகள் இவை. ஆயுதம் என்று நாங்கள் சொல்வது பட்டறைக் கருவிகளை. சென்ற கார்த்திகை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தர்சினி இதைப் படமெடுத்து என் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார். தர்சினி அந்தக் கராஜில் இப்போது மெக்கானிக். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "அங்கிள், புது லொறிகளில பெல்ட்ட இறுக்குற வேலையே இல்ல. ஸ்பிரிங் வச்ச உருளை தன்ர பாட்டில இறுக்கிக் கொள்ளும். அதால இந்த ரெண்டு வரியையும் எடுக்கச் சொல்லுறாங்க. எடுக்கலாமா? இத ஆர் எழுதினது, ஏன் எழுதினது?"

எடுக்கலாம் என்று உடனே பதில் போட்டேன். மற்றக் கேள்விக்கான பதில் கைத்தொலைபேசியில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் திகதிகளில் பிடிவாதமானவன். ஆனாலும் இந்தச் சம்பவத்தின் திகதியை நாட்காட்டியில் குறித்து வைக்கவில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்த வாகரைச் சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக் குடியேறிய பின் வந்த இரண்டாவது மாரி அது. நான் சொல்லப்போகும் பயணம் திருவெம்பாவை தொடங்கிய மறுநாள் நடந்தது. பனிச்சங்கேணியில் புதுப் பாலமும் வழவழப்பான தார் போட்ட காபெற் றோட்டும் அப்போது இல்லை. இவ்வளவும் உறுதி.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் ஆரையம்பதி. பள்ளிக்கூடம் முடிந்து, புளியந்தீவில் ஒரு பட்டறையில் சம்பளமில்லாமல் சும்மா நின்று வேலை பார்த்து, பிறகு கூலிக்கு நின்று, கடைசியில் வாவிக்கரையோரம் மீன் ஏற்றும் கம்பனி ஒன்றின் கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அங்கேதான் ஓய்வு பெற்றேன். கம்பனியின் லொறிகள் ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு கரையோர ஊர்களுக்குப் போகும். மீனும் நண்டும் இறாலும் ஏற்றிக்கொண்டு திரும்பும்.

கராஜின் தலைவர் டொமினிக் ஐயா. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். ஃபோர்மன் என்பது எங்கள் வாயில் போமன் ஆகிவிட்டதால் நாங்கள் அவரைப் போமன் ஐயா என்போம். சத்தம் போட மாட்டார். எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். 'நீங்க' என்று தொடங்கினால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் காலையில் அவர் என்னிடம், "நீங்க அந்தப் போல்ற்ற முழுசா இறுக்கினதா நினைக்கிறீங்களோ?" என்று கேட்டதற்கு அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெல்ட் மாற்றுவது அவரிடம் ஒரு ஒழுங்கோடு நடக்கும். முதலில் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். பிறகு லொறியின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, எடுத்து அதே பைக்குள் போடுவார். பெல்ட் ஓடும் சக்கரமான கப்பிக்குள் விரல் இருக்கும்போது யாரும் எஞ்சினைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. அதற்குப் பிறகுதான் ஸ்பனர் கைக்கு வரும். டைனமோ கீழே ஒரு போல்ற்றில் தொங்கி நிற்கும். மேலே வளைந்த தகட்டில் ஒரு போல்ற் அதைப் பிடித்திருக்கும். இரண்டையும் இளக்கி, டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொய்யும். கையாலேயே எடுத்துவிடலாம். எடுத்த பெல்ட்டை எங்களிடம் நீட்டி ஒரே கேள்வி கேட்பார்.

"ஏன் செத்தது?"

பழைய பெல்ட் ஏன் போனது என்று சொல்லாத வரை புதிய பெல்ட்டைத் தொட விடமாட்டார். வயது போய் வெடித்தது, எண்ணெய் குடித்து ஊதியது, தொய்ந்து வழுக்கிக் கண்ணாடி போல் மினுங்கியது, கப்பி கோணி ஒரு பக்கம் தின்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. எனக்கு மருத்துவப் புத்தகங்கள் வாசிக்கும் பழக்கம் இருந்ததால் இந்தக் கேள்வி பிடித்துப் போனது. இறந்த உடலைப் பார்த்து நோயைச் சொல்வது போன்ற வேலை அது.

அந்த மாரியில் வாகரை லொறியின் பெல்ட்தான் எங்களைத் தடுமாற வைத்தது. அந்த லொறியை ஓட்டியவர் தவராசா அண்ணன். வாகரையில் பெண் எடுத்தவர். மனைவியின் அண்ணன் தம்பிமார் அங்கே கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து நான் அவருடைய லொறிக்குப் புதிதாகப் போட்ட மூன்று பெல்ட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து வந்தன. ஒரு பெல்ட் ஒரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

மூன்றாவது பெல்ட் வந்த அன்று மனேஜரும் கராஜுக்கு வந்தார். அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதில எழுத்து எங்க? நாங்க வாங்கிக் குடுக்கிற பெல்ட்டின்ர முதுகில மஞ்சள் எழுத்து இருக்குமே. இது ஏதோ பேர் இல்லாத சாமான்."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. தவராசா அண்ணன் வழியில் நல்ல பெல்ட்டைக் கழற்றி விற்றுவிட்டு மட்டமான ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார் என்பதுதான்.

"நான்தான் போட்டன், சேர். மஞ்சள் எழுத்து இருந்தது" என்றேன்.

"நீங்க போட்டத நான் இல்லையெண்டு சொல்லயில்ல. கராஜ் கேற்றுக்கு அங்கால என்ன நடந்தது? தவராசா, நீர் சொல்லும்."

தவராசா அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் ஓயாத மனிதர் அவர். ஐஸ் ஏற்றும்போது கூடப் பக்கத்து லொறிக்காரரைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

"நான் விக்கயில்ல, சேர்."

"அப்ப என்ன நடந்தது?"

மனேஜர் பெல்ட்டை மேசையில் போட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லும். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமையில இருந்து வர வேணாம்."

மனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் கள்ளன் என்ற பெயரோடு ஒரு சாரதி வெளியே போனால், வாழைச்சேனை தொடங்கிக் கல்முனை வரை ஒரு லொறிக்காரரும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். அது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மனேஜர் போன பிறகு போமன் ஐயா அந்தப் பெல்ட்டை என் கையில் தந்தார்.

"ஏன் செத்தது?"

பெல்ட்டை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய சரிவான பக்கங்கள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தன. முதுகுதான் தேய்ந்திருந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"புரண்டு ஓடியிரிக்கி, ஐயா. தலைகீழாக் கிறுகி, முதுகு பள்ளத்துக்குள்ள போயிரிக்கி. அதாலதான் எழுத்து அழிஞ்சிரிக்கி. இது எங்கட பெல்ட்தான்."

"ஏன் புரண்டது?"

"ஒரு பக்கத்து நரம்பு அறுந்திரிக்கி." பெல்ட்டின் றப்பருக்குள் நூல்கள் நரம்பு போல ஓடும். பலம் அதில்தான் இருக்கிறது. ஒரு ஓரத்தில் அவை அறுந்தால் பெல்ட் நேராக நிற்காது.

"நரம்பு ஏன் அறுந்தது?"

தவராசா அண்ணன் பக்கம் பார்த்தேன்.

"ஐயா," என்றார் அவர், "நான் விக்கயில்லயெண்டத நீங்க ரெண்டு பேரும் நம்பினாப் போதும். அதுக்கு மேல என்னட்டக் கேக்காதீங்க."

போமன் ஐயா என் கையிலிருந்த பெல்ட்டை வாங்கிச் சுருட்டினார்.

"நாளைக்கி வாகரைக்குப் போறயா?"

"ஓம்."

"அப்ப நாங்களும் வாறம்."

மறுநாள் விடியுமுன் வெள்ளண வெளிக்கிட்டோம். வழியில் கோயில்களின் ஒலிபெருக்கிகளில் திருவெம்பாவை பாடிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தவராசா அண்ணனும் போமன் ஐயாவும் நானும் முன்னால். கிளீனர் பின்னால் ஐஸ் பெட்டிகளோடு. வாழைச்சேனையைத் தாண்டினோம்.

வாகரைக்கு முன்னால் வரும் பனிச்சங்கேணிக்கு இந்தப் பக்கம் றோட்டு பள்ளமாகும் இடத்தில் தவராசா அண்ணன் லொறியை நிறுத்தினார். முன்னால் றோட்டு இல்லை. வாவியும் வயலும் ஒன்றாகி, மண்ணிறத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பனியில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: தண்ணீர் றோட்டுக்கு மேலே ஓடினால் லொறியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும், மீறினால் வேலை போகும். அதற்கு முந்தைய மாரியில் வேறொரு கம்பனியின் லொறி ஒன்றை வெள்ளம் றோட்டிலிருந்து தள்ளிவிட்டதால் போட்ட விதி.

அக்கரையில் சனங்கள் நின்றார்கள். லொறியைக் கண்டதும் அவர்களில் பதினைந்து இருபது பேர் தண்ணீருக்குள் இறங்கினார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். றோட்டின் இரண்டு ஓரங்களையும் காலால் தடவித் தடவி வந்து, இரண்டு வரிசையாக, இடைவெளி விட்டு அப்படியே நின்றார்கள். நடுவில் லொறி போகும் அகலத்துக்குத் தண்ணீர்ப் பாதை ஒன்று தெரிந்தது. மனிதர்களையே எல்லைக் கல்லாக நட்ட மாதிரி. நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு றோட்டைப் பற்றிப் படித்ததில்லை.

எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு பெண், நண்டுக் கூடையோடு, லொறிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், இண்டைக்கி ஆள் கூட்டிக்கொண்டு வந்திரிக்கீங்க? புடிச்சிக் குடுக்க வந்தவங்களோ, புடிபட்டு வந்தவங்களோ?"

"சும்மா இரி கா, யோகம்" என்றார் தவராசா அண்ணன். அது அவருடைய மனைவியின் தங்கை.

"நான் ஏன் சும்மா இரிக்க? நேத்து வந்த மீனும் அந்தா அக்கரையில கிடக்கு, ஐஸ் இல்லாமக் கண் வெளுத்துப் போய். இந்த லொறி கிறுகித் திரும்பிப் போனா எல்லாத்தையும் திருப்பிக் கடல்லதான் கொட்டணும்." பிறகு போமன் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, களிசான் நனையப் போகுது. எங்கட ஆக்கள்ர சாரம் ஒண்டு தரட்டா?"

போமன் ஐயாவும் சிரித்தார். அவர் சிரித்ததில்தான் தவராசா அண்ணனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

"தவராசா, நாங்க இல்லாட்டி இப்ப என்ன செய்வாய்?"

"ஐயா..."

"கதைக்காத. வழக்கமாச் செய்யிறதச் செய்."

அவர் இறங்கினார். இருக்கைக்குப் பின்னாலிருந்து டயர் கழற்றும் நீளமான இரும்பு லீவரை எடுத்தார். எஞ்சினை மூடும் பானெற்றைத் தூக்கினார். கிளீனர் ஓடிப்போய்த் திறப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தவராசா அண்ணன் லீவரைப் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே குத்திக்கொண்டு, "தட்டு" என்றார். கிளீனர் ஸ்ராற்றரை ஒரு தட்டுத் தட்ட, கப்பி அரை வட்டம் சுழல, பெல்ட் லீவரில் ஏறி வெளியே துள்ளி விழுந்தது. அந்தக் கணத்தில் சின்னதாக ஒரு நெரிசல் சத்தம் கேட்டது, காய்ந்த ஈர்க்கு முறிவது போல.

போமன் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுதா?"

"கேட்டது, ஐயா."

மூன்று பெல்ட்டும் எதனால் செத்தன என்பது அந்தச் சத்தத்தில் இருந்தது.

இதைத் தர்சினியின் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டும். பழைய லொறிகளில் றேடியேற்றருக்குப் பின்னால் நிற்கும் காற்றாடியையும் இந்தப் பெல்ட்தான் சுழற்றும். சுழலும் காற்றாடி வெள்ளத்தில் முட்டினால் தண்ணீரை எஞ்சின் முழுவதும் வாரி அடிக்கும். இதழ் வளைந்து றேடியேற்றரைக் கிழித்தாலும் கிழிக்கும். அதனால் ஆழமான தண்ணீரைக் கடக்குமுன் பெல்ட்டைக் கழற்றிவிடுவது நல்ல சாரதியின் வேலை. டீசல் எஞ்சின் பெல்ட் இல்லாமலும் ஓடும். கொஞ்ச நேரத்துக்குக் கொதிக்காது. அக்கரை போய் மாட்டிவிடலாம். தவராசா அண்ணன் செய்தது சரி. செய்த விதம்தான் பிழை. லீவரால் நெம்பும் ஒவ்வொரு தடவையும் ஓரத்து நரம்புகளில் சில அறும். போக ஒரு தரம் கழற்றி மாட்ட, வர ஒரு தரம் கழற்றி மாட்ட, இரண்டு கிழமையில் பெல்ட் புரண்டுவிடும்.

"ஸ்பனரால இளக்கிக் கழட்டினா என்ன? அத நீங்க அறியாத ஆளா?" என்றேன் நான்.

தவராசா அண்ணன் முதல் தடவையாகக் கோபப்பட்டார். "ஸ்பனர் எங்க கிடக்கு, மச்சான்? டயர் லீவர விட்டா லொறியில ஒரு ஆணி இரிக்கோ பார். எல்லாத்தையும் இறக்கி எடுத்துப் போட்டீங்களே! மறுகா கேட்டா, என்னத்துக்குக் கேக்கிறாய் எண்டு கேப்பீங்க. தண்ணிக்குள்ள போறதெண்டு சொல்லவோ?"

அந்த வருடம் ஆவணியில் லொறிகளிலிருந்த ஸ்பனர், குறடு வைக்கும் ஆயுதப் பெட்டிகள் அடிக்கடி காணாமல் போனதால் டயர் லீவரைத் தவிர எல்லாவற்றையும் இறக்கிக் கராஜில் பூட்டி வைக்கும்படி உத்தரவு வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர் போமன் ஐயா.

இப்போது எனக்கு முழுவதும் விளங்கியது. பெல்ட்டை விற்கவில்லை என்று காட்ட வேண்டுமானால் தண்ணீரைக் கடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் விதியை மீறியதற்காக வேலை போகும். சொல்லாவிட்டால் கள்ளன் என்று போகும். அவர் இரண்டாவதைத் தெரிந்தெடுத்திருந்தார். முதலாவதைச் சொன்னால் கம்பனி இந்தத் தண்ணீரைக் கண்காணிக்கத் தொடங்கும், அடுத்து வரும் சாரதி தண்ணீரைக் கண்டதும் திரும்பிப் போவான். வாகரைக்கு ஐஸ் வராது.

போமன் ஐயா களிசான் கால்களை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். "லொறிய எடு. நான் முன்னால நடக்கிறன்" என்றார்.

இரண்டு வரிசை மனிதர்களுக்கு நடுவே அவர் நடக்க, பின்னால் லொறி முதல் கியரில் ஊர்ந்தது. வரிசையில் நின்றவர்களைக் கடக்கும்போது அவர்கள் லொறியின் பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்கள். சக்கரம் சரியான கோட்டில் போகிறது என்பதற்கு அது அடையாளமாம். தட்டுக் கேட்காவிட்டால் சாரதி நிறுத்துவார்.

அக்கரையில் நடந்ததை நான் என் தொழில் வாழ்க்கையின் மிக நல்ல அரை மணித்தியாலம் என்று சொல்வேன். போமன் ஐயா மோதிரத்தைக் கழற்றினார். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். தன் பையிலிருந்து ஸ்பனரையும் புதிய பெல்ட் ஒன்றையும் எடுத்தார்.

"தவராசா, நீ போடு. நாங்க பாத்துக்கொண்டு நிக்கிறம்."

தவராசா அண்ணன் டைனமோவின் கீழ்ப் போல்ற்றை இளக்கி, மேல் போல்ற்றை இளக்கி, டைனமோவை உள்ளே தள்ளினார். கப்பிப் பள்ளங்களில் சேறு. லொறியோடு அக்கரைக்குத் திரும்பியிருந்த யோகம் தன் தோளில் கிடந்த துவாயைத் தந்தார். தவராசா அண்ணன் அதைக்கொண்டு மூன்று கப்பிகளையும் துடைத்தார். பெல்ட்டைக் கீழ்க் கப்பியில் போட்டு, தண்ணீர்ப் பம்பின் கப்பியில் போட்டு, கடைசியாக டைனமோவில் ஏற்றினார். விரல்களால் மட்டும். நெம்புவதற்கு இரும்பு தேடினார். போமன் ஐயா பக்கத்தில் கிடந்த தோணித் துடுப்பின் பிடியைக் காட்டினார். மரம் டைனமோவின் வெளி உறையை உடைக்காது. அவர் துடுப்பால் டைனமோவை வெளியே நெம்பிப் பிடிக்க, நான் மேல் போல்ற்றையும் பிறகு கீழ்ப் போல்ற்றையும் இறுக்கினேன். இரண்டு கப்பிகளுக்கு நடுவே நீளமான இடத்தில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். போமன் ஐயா அழுத்தினார். பிறகு என்னை அழுத்தச் சொன்னார், தவராசா அண்ணனை, கிளீனரை. கடைசியில் யோகமும் வந்து அழுத்திப் பார்த்து, "நல்லாத்தான் இரிக்கி, கட்டில் கயிறு மாதிரி" என்றார்.

எஞ்சின் பிடித்தது. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சூடேறிய பெல்ட்டைத் திரும்பவும் அழுத்திப் பார்த்தோம். பிறகு ஐஸை இறக்கி மீனை ஏற்றினோம். திரும்பும் வழியில் அதே தண்ணீரில் அதே பெல்ட்டை ஸ்பனரால் கழற்றி மாட்டினோம். அந்தப் பெல்ட் அடுத்த மாரி வரை உழைத்தது.

பின்னேரம் கராஜுக்கு வந்து சேர்ந்ததும் போமன் ஐயா கையைக்கூடக் கழுவாமல் மனேஜரின் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தவராசா அண்ணன் வெறும் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். நான் அவருக்குப் பாலில்லாத பிளேன்ரீ ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது அவர் கையிலேயே ஆறியது.

கதவு திறந்தது. போமன் ஐயா எங்களிடம் வந்து, "ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஏத்த வெள்ளண வா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை விதிகள் புதிதாக எழுதப்பட்டன. தண்ணீரைக் கடப்பதா திரும்புவதா என்பதை, கரையில் நிற்கும் சனங்களைக் கேட்டுச் சாரதியே தீர்மானிக்கலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. பாலம் வந்த பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதற்குக் கீழே இருந்த ஸ்பனர் வரிகள் மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்திருக்கின்றன. எழுதியவர் டொமினிக் ஐயா. கையெழுத்து எனக்குத் தெரியும்.

தவராசா அண்ணன் அந்த லொறியிலேயே ஓய்வு பெறும் வரை ஓடினார். இன்றும் நண்டுக் காலத்தில் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கூடை வரும். டொமினிக் ஐயா மகளோடு அவுஸ்திரேலியா போய் அங்கேயே காலமானார். எனக்குக் கைத்தொழில் கற்றுத் தந்தவர்கள் பலர். ஒன்று ஏன் கெட்டது என்று அறியுமுன் அதற்குப் பொறுப்பான ஆளைத் தேடக் கூடாது என்பதை அவரிடம் மட்டுமே கற்றேன். நன்றியை அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு ஆறுதல்.

சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. மனேஜரின் அறைக்குத் தேத்தண்ணீர் கொண்டு போனவர் சொன்னது: போமன் ஐயா கராஜ் திறப்புக் கொத்தை மேசையில் வைத்து, "ஆயுதத்த இறக்கினவன் நான். அவன நிப்பாட்டுறதெண்டா என்னையும் சேத்து நிப்பாட்டுங்க" என்றாராம். தவராசா அண்ணன் இதை முழுவதும் நம்புகிறார். தன் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். மனேஜர் இப்போது கொழும்பில் இருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டேன். "அவர் அந்தப் பெல்ட்ட மேசையில வச்சு நரம்பு அறுந்த இடத்தக் காட்டினது ஞாபகம் இருக்கு. திறப்பு வச்சாரோ தெரியா. வச்சிருக்கவும் கூடும்" என்றார். டொமினிக் ஐயாவிடம் நான் கேட்டதில்லை. அவர் தன் வேலையைப் பணயம் வைத்தாரா என்பது இதை எழுதும் இன்றைய திகதி வரை உறுதியாகவில்லை.